ஆசையைப் புதைச்சு வைக்காத ஐடா அம்மா

சேலம், நாமக்கல் பக்கம் பெரிய வியாதின்னா இன்னைக்கும் பலபேர் காட்பாடிக்கு ரயில் ஏறுறாங்க, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போக. நம்ம குழுக்களில் உள்கடன் வாங்கிக்கிட்டு அங்கே போய்வந்தவங்களும் இருப்பாங்க. அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சவர் ஒரு பெண். அதிலும், டாக்டராகவே விரும்பாத பெண்.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா, அப்பா, பெரியப்பா என்று குடும்பமே அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரி குடும்பம். தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினிப் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர். படிக்க அமெரிக்கா போனதும், இந்த வெயிலும் புழுதியும் இனி வேண்டாம், அங்கேயே கல்யாணம் பண்ணி வசதியா இருந்திடலாம் என்று நினைத்தார். அதில் தப்பு ஒண்ணுமில்லை. நம்ம பிள்ளைகளுக்கும் நாம அதைத்தானே வேண்டிக்கிறோம்?

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிப் போகத்தான் வந்தது. ஒருநாள் ராத்திரி ஒரு பிராமணர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தன் மனைவியைக் காப்பாத்தணும் என்று கூப்பிட்டார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அனுப்புறேன் என்றார் ஐடா. வேற்று ஆம்பளை என் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று அவர் போய்விட்டார். அதே ராத்திரி ஒரு முஸ்லிம் வந்தார், இன்னொரு இந்துவும் வந்தார். அதே கேள்வி, அதே பதில். விடிஞ்சு ஆள் விட்டு விசாரிச்சால், மூணு பெண்களும் செத்துப்போயிருந்தாங்க. மூணு பேருமே சின்ன வயசு.

அன்னைக்கே டாக்டருக்குப் படிக்கப் போறேன் என்று பெத்தவங்களிடம் சொல்லிவிட்டார்.

கிறிஸ்தவ வீடுகளில் ஏசு சொன்ன ஒரு கதை உண்டு. வெளியூர் போகிற முதலாளி வேலைக்காரர்கள் மூணு பேரிடம் பணம் கொடுத்துட்டுப் போறார். ரெண்டு பேர் வியாபாரம் பண்ணி இரட்டிப்பாக்கினாங்க. மூணாவது ஆள் பயந்துக்கிட்டு மண்ணில் புதைச்சு வெச்சான். திரும்பி வந்த முதலாளிக்குக் கோபம் அவன் மேலதான். குழுப் பணத்தைப் பீரோவில் பூட்டி வெச்சா என்ன ஆகும்னு நமக்கும் தெரியுமே! முன்னேற ஆசைப்படுறது பாவம்னு நினைக்கிற பெண்கள் எல்லா மதத்திலும் இருக்காங்க. இந்தக் கதை அப்படிச் சொல்லவில்லை. கையில் இருப்பது யாருக்காகக் கொடுத்தது என்றுதான் கேட்குது. ஐடா அம்மாவின் ஆசை அன்னைக்கு ராத்திரி குறையவில்லை, பெருசாச்சு.

1899-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம். ஷெல் என்கிற வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கியது. அந்த வருஷமே அப்பா காலமானார். கையைப் பிடிச்சுச் சொல்லித்தர ஆளில்லை. நோயாளிகளும் முதலில் நம்பி வரவில்லை. 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. பிறகு நர்ஸ் பயிற்சி, கிராமத்து ரோட்டோரம் மரத்தடி வைத்தியம்.

தான் ஒருத்தி எத்தனை பிரசவம் பார்க்க முடியும் என்று யோசிச்சு, இந்தியப் பெண்களையே டாக்டராக்கப் பள்ளிக்கூடம் கேட்டார். மூணு பேர் விண்ணப்பிச்சாலே பெருசு என்றார் அரசாங்க அதிகாரி. 1918-ல் வந்த விண்ணப்பம் 151! கடைசி வரை படிச்ச 14 பேர் 1922-ல் டாக்டராகி வெளியே வந்தாங்க.

இதுவரைக்கும் ஜெயிச்ச கதை. எனக்கு அவர் பெருசாத் தெரியுறது இதுக்கப்புறம்தான்.

1930-களின் கடைசியில் அரசாங்கம் சட்டத்தை மாத்தியது. சின்னப் பட்டம் செல்லாது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எம்.பி.பி.எஸ். நடத்தணும். அதுக்குப் பணம், கட்டடம், பேராசிரியர்கள் வேணும். கிட்டத்தட்ட 70 வயசில் அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கேட்டார். மத்த சபைகளின் உதவியும் வேணும்னா ஆண்களையும் சேர்க்கணும் என்ற நிலைமை. பெண்களுக்காகன்னு பணம் திரட்டித் தந்த நெருங்கிய தோழியே எதிர்த்தார். ஐடா அம்மாவுக்கும் மனசு கொதிச்சிருக்கும், அவர் வாழ்க்கையே அந்தப் பெண்கள் கல்லூரிதானே. நம்ம குழுவில் தலைவி பொறுப்பை மாத்திக் கொடுக்கச் சொன்னாலே எத்தனை முகம் சுருங்குது! ஆனால் அவர் ஒத்துக்கிட்டார். 1942-ல் பல்கலைக்கழக அங்கீகாரம் கிடைச்சது, 1947-ல் ஆண்களும் சேர்ந்தாங்க. அதுக்கு முந்தின வருஷமே பொறுப்பை விட்டு இறங்கியிருந்தார். கொஞ்ச நாளில் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைக்கு வந்தார். அந்த நாற்காலியில் முதல் இந்தியர் ஒரு பெண்.

ஐடா அம்மா கல்யாணம் செய்துக்கவில்லை. அமெரிக்காவில் போய்க் குடியேறவும் இல்லை. கொடைக்கானல் மலை வீட்டில், 1960 மே மாசம், 89 வயசில் காலமானார்.