பட்டம் துறந்த தெரேசம்மாள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

தெரேசா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் தோழியரில் பலருக்குக் கல்கத்தா அன்னைதான் நினைவுக்கு வருவார். சிலருக்குச் சிலுவையையும் ரோசாப் பூக்களையும் மார்போடு அணைத்து நிற்கும் சிறுமலர் தெரேசா நினைவுக்கு வருவார். கல்கத்தா அன்னை தம் துறவறப் பெயரைச் சிறுமலரிடமிருந்து எடுத்துக்கொண்டார். சிறுமலர் வாழ்ந்து மறைந்த மடமோ, அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இன்னொரு தெரேசா திருத்தி அமைத்த கார்மேல் சபையைச் சேர்ந்தது. ஸ்பெயின் நாட்டு அவிலா நகரில் பிறந்த அந்த மூத்த தெரேசம்மாளின் வரலாற்றையே இங்கு எழுத விரும்புகிறேன். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் மாலைச் செபமாலையை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்று நானும் என் தம்பியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வது வழக்கம். இவரது வாழ்க்கையைப் படித்த நாள்முதல் எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது.

தெரேசா 1515-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் பிறந்தார். தந்தை அலோன்சோ சாஞ்சேஸ் தெ செப்பேதா. தாய் பெயாத்ரீஸ் தெ அவுமாதா. வீடு நிறையப் பிள்ளைகள். ஏழு வயது இருக்கும்போதே, மூர் இனத்தவர் நாட்டுக்குப் போய் வேதசாட்சியாக இறந்தால் நேராக மோட்சம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, அண்ணன் ரொட்ரிகோவை அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். நகர மதிலுக்கு வெளியே சித்தப்பா கண்டுபிடித்து இருவரையும் திருப்பி அழைத்து வந்தார். பிறகு அண்ணனும் தங்கையும் தோட்டத்தில் கற்களை அடுக்கித் தவக்குடில்கள் கட்டினார்கள். அவை சரிந்து சரிந்து விழுந்தன. அந்தச் சிறுமி வளர்ந்தபின் பதினேழு மடங்களைக் கட்டப்போகிறாள் என்று அன்று யார் கண்டார்கள்!

ஆனால் அவர் பிறவியிலேயே புனிதை அல்லர். தாயாரைப் போலவே வீரதீரக் கதைப் புத்தகங்களில் பைத்தியமாக இருந்தார். தந்தைக்கு அது பிடிக்காது; ஆகவே ஒளித்து வைத்துப் படித்தார். (இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் தனிப் பாசம் வந்தது.) தாய் 1528-இல் இறந்தபோது, மாதா சுரூபத்தின்முன் அழுது, இனி நீரே எனக்குத் தாய் என்று வேண்டிக்கொண்டார். 1535-இல், தந்தையின் விருப்பத்துக்கு மாறாக, அவிலாவிலிருந்த மனித அவதார மடத்தில் சேர்ந்தார்.

அந்த மடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கு ஏறக்குறைய 180 கன்னியர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே கோவில், ஒரே சங்கீதங்கள். ஆயினும் வெளியே இருந்த மேல்குலம் கீழ்குலம் எல்லாம் முக்காட்டுக்குள்ளும் நுழைந்திருந்தன. உயர்குடியில் பிறந்தவர்களைத் தோன்யா என்ற பட்டம் சேர்த்தே அழைக்க வேண்டும். அவர்களுக்குத் தனி அறைகள், தனி அடுப்பு, பணிவிடைக்கு ஆள். சீதனம் கொண்டுவர இயலாத ஏழைகளுக்குப் பொதுக்கூடத்தில் படுக்கை. மடத்தில் உணவு போதாமையால் பல சகோதரிகள் உறவினர் வீடுகளுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கினார்கள். பார்வையாளர் கூடத்தில் நகரத்துப் பெரியவர்கள் வந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தரும் நன்கொடை மடத்துக்குத் தேவையாகவும் இருந்தது. இவற்றையெல்லாம் யாரும் பாவம் என்று எண்ணவில்லை. நெடுங்கால வழக்கம், அவ்வளவுதான். தோன்யா தெரேசா தெ அவுமாதாவுக்கும் தனி அறைகள் இருந்தன. கூடத்தில் நயமாகப் பேசுபவர் என்ற பெயரும் அவருக்குத்தான்.

மடத்தில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே கடும் நோய் கண்டது. 1539 ஆகஸ்டு மாதத்தில் நான்கு நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். இறந்துவிட்டார் என்றே எண்ணிக் கண்ணிமைகளில் மெழுகு வைத்தார்கள்; மடத்தில் குழியும் தோண்டியாயிற்று. தந்தை ஒருவர்தான் அடக்கத்துக்குச் சம்மதிக்கவில்லை. கண் விழித்தபின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கைகால் முடங்கியிருந்து, பிறகு தவழ்ந்து, பிறகு நடந்தார். அர்ச். சூசையப்பரின் மன்றாட்டால் குணமானதாக அவர் உறுதியாக நம்பினார். அந்த இடத்திலேயே அவர் எழுதியுள்ள ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சிலர், அதிலும் பெண்கள், இத்தனை சடங்கு இப்படி இப்படிச் செய்தால்தான் பலிக்கும் என்று செய்கிற பக்திமுயற்சிகள் தமக்கு ஒருபோதும் பிடித்ததில்லை என்றும், திருச்சபை ஏற்றுக்கொண்ட செபங்களும் பூசையுமே தமக்குப் போதும் என்றும் எழுதுகிறார். ஒன்பது நாள் நவநாளில் ஒரு நாள் தவறினால் எல்லாம் வீண் என்று சொல்லிப் பரீட்சைக்கு முன் நம்மில் எத்தனை பேர் பயந்து நடுங்குகிறோம்!

அவருக்குச் செபம் எளிதாக வந்தது என்று நினைக்க வேண்டாம். மனச்செபத்தில் உட்கார்ந்தால் எப்போது மணி அடிக்கும் என்று காத்திருந்த காலம் பல ஆண்டுகள் நீடித்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். தகுதியில்லாத நான் கடவுளோடு பேசுவதா என்று ஓராண்டுக்கும் மேலாக மனச்செபத்தை விட்டே விட்டார். வாயால் சொல்லும் செபங்களை மட்டும் மற்றவர்களைப் போலச் சொல்லிவந்தார். வெளியே பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. 1543-இல் தந்தை இறந்தார். தந்தையின் ஆன்ம குருவானவர் கொடுத்த புத்திமதியால் மீண்டும் தொடங்கினார். 1554-இல், காயங்கள் நிறைந்த இயேசுவின் சுரூபம் ஒன்று மடத்துக்கு வந்திருந்தது. செபக்கூடத்தில் அதைக் கண்ட தெரேசா முழந்தாளில் விழுந்து, மனம் மாறும்வரை எழுந்திருப்பதில்லை என்று அழுதார். அப்போது அவருக்கு வயது 39. மடத்தில் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அக்காலம் ஸ்பெயினில் பொல்லாத காலம். புரட்டஸ்தாந்துக் கொள்கை நாட்டுக்குள் வந்துவிடுமோ என்று சமய விசாரணை மன்றம் அஞ்சியது. 1559-இல் வெளியான தடைப்பட்டியலில், தாய்மொழியில் எழுதப்பட்ட செப நூல்கள் பலவும் விலக்கப்பட்டன. இலத்தீன் கற்ற ஆண்களுக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. தெரேசாவுக்கு இலத்தீன் தெரியாது. தம் புத்தகங்களை இழந்து மிகவும் வருந்தினார். பெண்கள் வாய்ச்செபம் சொல்லி, நூல் நூற்றுக்கொண்டிருந்தால் போதும் என்பதே பலரது எண்ணமாக இருந்தது. அவருக்குத் தோன்றிய காட்சிகள் பேயின் வேலை என்றுகூடச் சில ஆன்ம குருக்கள் கூறினார்கள். காட்சியில் தோன்றுபவரை விரல் மடக்கி அவமதிப்புச் சைகை காட்டி விரட்டும்படி கட்டளையிட்டார்கள். அவர் மனம் நொந்து அழுதுகொண்டே கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிதலை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

1562 ஆகஸ்டு 24-ஆம் நாள், நான்கு இளம்பெண்களுடன் அவிலாவில் புனித சூசையப்பர் மடம் பிறந்தது. அந்தச் சிறிய வீட்டைத் தங்கை யுவானாவும் அவர் கணவரும் தங்களுக்கு வாங்குவதுபோல் வாங்கி இரகசியம் காத்திருந்தார்கள். செய்தி பரவியதும் ஊரே கொதித்தது. நிலையான வருமானம் இல்லாத மடம் ஊருக்குப் பாரம் என்று நகரசபை வழக்குத் தொடர்ந்தது. தெரேசா அசையவில்லை.

புதிய மடத்தில் வழக்கங்கள் தலைகீழாயின. தோன்யா பட்டம் ஒருவருக்கும் கிடையாது. தெரேசா தெ அவுமாதா அன்றுமுதல் இயேசுவின் தெரேசா ஆனார். சீதனம் இல்லை என்பதற்காகத் தகுதியுள்ள பெண்ணைத் திருப்பி அனுப்பக்கூடாது. நூல் நூற்றும் தைத்தும் உழைக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் மனச்செபம். கூடிப் பேசிச் சிரிக்கவும் நேரம் உண்டு. பெருக்கும் முறைப் பட்டியலில் முதல் பெயர் மடத்துத் தாயாருடையதாக இருக்க வேண்டும் என்று விதியே எழுதி வைத்தார். தமது முறை வந்தபோது சமையலும் செய்தார். சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்பது அவர் நம்பிக்கை.

இதனால் அவர் பழைய மரபுகளையெல்லாம் வெறுத்தவர் என்று நினைத்தால் தவறு. தீர்த்தம், சுரூபங்கள், திருநாள் கொண்டாட்டம் எல்லாம் அவருக்கு மிகவும் பிடிக்கும். கார்மேல் சபையின் ஆதி ஒழுங்குக்குத் திரும்பிப் போவதே தம் வேலை என்றுதான் அவர் கருதினார். இடையில் மனிதர்கள் தங்கள் வசதிக்கும் குலப்பெருமைக்கும் சேர்த்துக்கொண்டவையே அவருக்கு ஆகாதவை.

தம் சகோதரிகளுக்காக எழுதிய நிறைவின் வழி என்ற நூலில் கர்த்தர் கற்பித்த செபத்தை வார்த்தை வார்த்தையாக விளக்குகிறார். மனச்செபம் வரவில்லையே என்று அழுதுகொண்டு வந்த ஒரு வயதான சகோதரியை அதில் குறிப்பிடுகிறார். அந்த அம்மாளுக்கு வாயால் பரலோக மந்திரம் சொல்ல மட்டுமே வரும். விசாரித்தபோது, அந்த ஒரு செபத்தை நிதானமாகச் சொல்வதிலேயே அவர் ஆண்டவரோடு ஒன்றித்திருந்தது தெரியவந்தது. தெரேசா அவர்மேல் பொறாமைப்பட்டாராம்! அதே நூலில், தினமும் இத்தனை செபம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, வேலையை முடிப்பதுபோல் அவசரமாகச் சொல்லி ஓடுகிறவர்களையும் சொல்லியிருக்கிறார். நானும் தம்பியும் அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பெண்களுக்குப் பரிந்து அவர் எழுதிய சில வரிகளை, சரிபார்த்த குருவானவர் அடித்துவிட்டார். ஆயினும் கையெழுத்துப் பிரதியில் அவற்றை இன்றும் படிக்க முடிகிறது.

1567 முதல் வண்டியிலும் கோவேறு கழுதையிலுமாக ஊர் ஊராகப் போய் மடங்களை நிறுவினார். அவ்வாண்டில் சந்தித்த சிலுவை அருளப்பர் ஆண்கள் மடங்களைத் திருத்த உதவினார். 1569-இல் தொலேதோ நகருக்கு வந்தபோது கையில் இருந்தது மூன்று நான்கு தங்கக் காசுகளே. அங்கு இறந்துபோன ஒரு வணிகரின் குடும்பத்தார், மடத்துக் கோவிலைக் கட்டித்தர முன்வந்தார்கள். அதில் தங்கள் குடும்பக் கல்லறைக்கு இடம் கேட்டார்கள். நகரத்துப் பெருங்குடியினர் முகம் சுளித்தார்கள். பிரபு குலத்தில் பிறவாத ஒரு வியாபாரிக்குப் பீடத்தருகே இடமா என்று தெரேசாவிடம் வாதாடினார்கள். அவருக்கும் முதலில் தயக்கம் இருந்தது. கடவுளின் தீர்ப்பின்முன் குலம் கோத்திரம் ஒன்றுமில்லை என்று செபத்தில் உணர்ந்து, இடத்தை வணிகருக்கே கொடுத்தார்.

1571-இல் மேலதிகாரிகள் அவரைப் பழைய மனித அவதார மடத்துக்கே தாயாராக அனுப்பினார்கள். அங்கிருந்த சகோதரிகள் கூச்சலிட்டு வழிமறித்தார்கள். தங்கள் சலுகைகள் எல்லாம் போய்விடும் என்ற பயம். மறுநாட்களில் கூட்டத்துக்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். தாயார் இருக்கையில் மாதா சுரூபம் வீற்றிருந்தது. மடத்துச் சாவிகள் மாதாவின் கையில். தெரேசா காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் சண்டை போட வாய் வரவில்லை. பட்டினி கிடந்த சகோதரிகளுக்கு முதலில் சாப்பாட்டுக்கு வழி செய்தார்; அப்புறம்தான் பார்வையாளர் கூடத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பின்வந்த ஆண்டுகளில் துன்பங்கள் குவிந்தன. 1575-இல் அவரது சுயசரிதை விசாரணை மன்றத்தின் கைக்குப் போயிற்று. 1577 டிசம்பரில் சிலுவை அருளப்பர் சொந்தச் சபையாராலேயே சிறைப்பிடிக்கப்பட்டார். அந்த ஆண்டில்தான், ஜூன் 2-இல் தொடங்கி நவம்பர் 29-க்குள், அக மாளிகை என்ற தம் தலைசிறந்த நூலை அவர் எழுதி முடித்தார். 1580-இல் சீர்திருத்த மடங்களுக்குத் தனி மாகாணம் கிடைத்தது.

1582-இல் பூர்கோஸ் நகரில் கடைசி மடத்தை நிறுவிவிட்டுத் திரும்பும் வழியில், ஆல்பா தெ தோர்மெஸ் ஊருக்கு வந்து நோயுற்றார். அக்டோபர் 4-ஆம் நாள் இரவு, தாம் திருச்சபையின் மகள் என்று நன்றியோடு சொல்லிக்கொண்டே உயிர்நீத்தார். அப்போது அவரைக் கைகளில் தாங்கியிருந்தவர், முன்பு ஆடு மேய்த்த பெண்ணான பர்த்தலோமேயு அன்னம்மாள். அந்த இரவில் பழைய நாட்காட்டி முடிந்து புதியது தொடங்கியதால் பத்து நாட்கள் விடுபட்டு மறுநாள் 15-ஆம் தேதி ஆயிற்று. அதனால்தான் அவர் திருநாளை அக்டோபர் 15-இல் கொண்டாடுகிறோம். 1622-இல், நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சவேரியாரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றார். 1970 செப்டம்பர் 27-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பெண்களில் அந்தப் பெயர் பெற்ற முதல்வர் அவரே.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும், கலப்பில்லாத பழங்கிறிஸ்தவப் பிரபு குலத்தில் பிறந்தவர் என்று பெருமையாக எழுதி வந்தார்கள். 1940-களில் ஒரு பழைய வழக்குக் கட்டு ஆராயப்பட்டபோது வேறு செய்தி வெளிப்பட்டது. தெரேசாவின் தாத்தா யூத வம்சத்திலிருந்து மனந்திரும்பிய ஒரு துணி வியாபாரி. யூத வழக்கங்களைக் கைவிடவில்லை என்று 1485-இல் விசாரணை மன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. இகழ்ச்சி அங்கி அணிந்து, ஏழு வெள்ளிக்கிழமைகள், மக்கள் பார்க்கக் கோவில் கோவிலாக அவர் நடந்து போனார். அந்தத் தெருக்கள் தொலேதோ நகரத் தெருக்கள். பேத்தி பின்னாளில் ஒரு வியாபாரிக்குப் பீடத்தருகே இடம் கொடுத்தது அதே ஊரில்.