தேவ சித்தமும் ஜார்ஜ் ஜோஸப்பும்

தேவ சித்தத்திற்குக் கீழ்ப்படிதலே கிறிஸ்தவ வாழ்வின் சாரம் என்பர். ஆயின் நேர்வதெல்லாம் அவன் செயலென்று கைகட்டி இருப்பது கீழ்ப்படிதலாகாது. தன்முன் வந்த கடமையைத் தானே ஏற்று, அதன் துன்பத்தையும் தானே சுமப்பதே மெய்யான கீழ்ப்படிதல். இவ்வுண்மைக்கு மதுரை கண்ட சான்று பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப்.

திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில், ஸிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887-இல் பிறந்தவர் அவர். எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் பயின்று 1909-இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையில் தொழில் நடத்தினார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அத்தொழிலைத் துறந்தார். அலகாபாத்தில் பத்திரிகாசிரியராக இருக்கையில் 1921-இல் சிறைப்பட்டார்.

எனினும் தென்பாண்டி மக்கள் அவரை ரோசாப்பூ துரையாகப் போற்றியதற்குக் காரணம் வேறு. நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்த கீழக்குயில்குடியில் 1914-இல் பிரமலைக் கள்ளர்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. பின்னர் அது அவ்வகுப்பாரின் மற்ற ஊர்களுக்கும் பரவிற்று. யாதொரு குற்றமும் செய்யாதவனும் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் போலீஸ் காவலில் படுக்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்தோர்மீது போலீஸார் சுட்டதில் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஜோஸப் அம்மக்களுக்காக எழுதினார், நீதிமன்றங்களில் வாதாடினார். அவனவன் தன் செயலுக்கே கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது கிறிஸ்தவ நெறி. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் அந்நெறியின் வேரையே அறுப்பதாகும். அதை எதிர்த்தது வக்கீலின் கடமை மட்டுமன்று, விசுவாசியின் கடமையுமாம் என்பது நம் துணிபு.

1924-இல் வைக்கம் வந்தது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் கிறிஸ்தவர் தடையின்றி நடந்தனர். ஈழவரும் புலையரும் நடக்கலாகாது. ஜோஸப் ஸத்தியாக்கிரகத்தில் முன்னின்றார். தீண்டாமை ஹிந்துக்களின் பாவம், அவர்களே பிராயச்சித்தம் செய்யட்டும் என்று ஏப்ரல் 6-ந் தேதி காந்தியடிகள் அவருக்கு எழுதினார். சில தினங்களுக்குள் ஜோஸப் சிறை புகுந்தார்.

காந்தியடிகளின் யோசனை அற்பமானதென்று நாம் கூறோம். பிற மதத்தார் தலையிட்டால் வைதிகர் அதையே சாக்காக்கிச் சீர்திருத்தத்தைத் தடுப்பர் என்ற அச்சத்தில் நியாயமுண்டு. ஆனால் தனக்குத் திறந்த வீதி அயலானுக்கு அடைபட்டிருக்கையில், இது என் வீட்டுக் காரியமன்று என்று ஒரு கிறிஸ்தவன் ஒதுங்குவதெங்ஙனம்? அயலான் யார் என்ற கேள்விக்கு அவன் வேதம் அன்றே விடை சொல்லிவிட்டது. தலைவரிடம் கொண்ட பக்தி எத்துணைப் பெரிதாயினும், மனச்சாட்சியை அவரிடம் அடகு வைத்தல் தகாது.

அதன்பின் காங்கிரஸிலிருந்து சில காலம் விலகியிருந்த ஜோஸப், 1937-இல் அதன் சார்பிலேயே மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1938 மார்ச்சு 5-ந் தேதி, 50 வயதில், மதுரையில் காலமானார். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-இல். அதைக் காண அவர் இல்லை.

பலனைக் காணும்வரை காத்திருப்பவன் கடமையைத் தொடங்கவே மாட்டான். பலன் ஆண்டவன் கையில் உள்ளது. செயல் நம் கையில் உள்ளது. ஆண்டவன்மீது பாரத்தைப் போட்டுவிட்டு நம் பங்கை மறப்பது பக்தியன்று, சோம்பலே.