அடிமையின் மகன் ஏற்றிய விளக்கு

ராமகிருஷ்ணபுரம் என்று முழுப் பெயரைச் சொன்னால் டில்லி பஸ் கண்டக்டர் ஒரு கணம் விழிப்பார். ஆர்.கே.புரம் என்றால்தான் அவருக்குப் புரியும். மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த இந்தக் குடியிருப்பில், மலை மந்திர் முருகன் சன்னிதிக்கு நடந்து போகும் தூரத்தில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. ஸ்டெனோகிராபர்கள், கணக்கர்கள், குமாஸ்தாக்கள் என்று ரயிலேறி வந்தவர்களோடு டிராப்ட்ஸ்மேன்களும் வந்தார்கள்.

டிராப்ட்ஸ்மேன் உத்தியோகம் சற்று விசித்திரமானது. கட்டடமோ இயந்திரமோ எதுவானாலும் அது முதலில் உருவாவது அவர் கையில்தான். ஒரு நூலளவு பிசகினாலும் பழி அவர் தலையில் விழும். எல்லாம் சரியாக முடிந்தால் கல்வெட்டில் வேறு பெயர் இருக்கும். அவர் பெயரோ படத்தின் மூலையில் சிறிய எழுத்தில் நின்றுவிடும்.

மின்சார பல்பின் சரித்திரத்திலும் அப்படி மூலையில் நின்ற ஒரு டிராப்ட்ஸ்மேன் உண்டு. பல்பு என்றதும் எடிசன் பெயரைச் சொல்லத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் கற்றோம். அதில் தவறில்லை. ஆனால் பல்பு என்ற அதிசயம் தொழிற்சாலையில் நூறு நூறாகச் செய்து விற்கும் பொருளாவதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர் லூயிஸ் ஹோவர்ட் லாட்டிமர். இன்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் அந்தப் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம்.

நானூறு டாலர் விலை

லாட்டிமரின் கதை அவர் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. 1842 அக்டோபரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து ஜார்ஜ் லாட்டிமர் என்ற நீக்ரோ அடிமை, கருவுற்றிருந்த தன் மனைவி ரெபெக்காவுடன் தப்பி ஓடி, வடக்கே பாஸ்டன் நகரை அடைந்தார். சில நாட்களிலேயே அடையாளம் காணப்பட்டுக் கைதானார். அன்றைய சட்டப்படி ஜார்ஜ் ஒரு மனிதரல்ல, ஓடிப்போன சொத்து. சொத்துக்கு உரியவர் வர்ஜீனியாவிலிருந்து வந்து கேட்டால் ஒப்படைக்க வேண்டியதுதான் நியாயம் என்று கோர்ட் கருதியது.

பாஸ்டன் நகரம் கொதித்தெழுந்தது. அடிமை முறையை எதிர்த்தவர்கள் கூட்டங்கள் போட்டார்கள்; ஜார்ஜுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கடைசியில் நானூறு டாலர் கொடுத்து எஜமானரிடமிருந்து அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள். கிளர்ச்சி அதோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவின் பேரில், தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க மாநில அதிகாரிகள் உதவக்கூடாது என்று 1843-ல் மாசசூசெட்ஸ் சட்டசபை சட்டம் செய்தது. மக்கள் அதை லாட்டிமர் சட்டம் என்றே அழைத்தார்கள்.

இந்தத் தம்பதியின் கடைசிப் பிள்ளையாக 1848 செப்டம்பர் 4-ந் தேதி, பாஸ்டனை அடுத்த செல்சி என்ற ஊரில் லூயிஸ் பிறந்தார். சுதந்திரம் கிடைத்ததே தவிர வறுமை போகவில்லை. லூயிஸுக்குப் பத்து வயதாகும்போது தகப்பனார் வீட்டை விட்டுப் போனார், குடும்பம் சிதறியது. படிப்பு பாதியில் நின்றது. 1864-ல், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது, பதினாறு வயதுச் சிறுவனாக வடக்கு மாநிலங்களின் கடற்படையில் சேர்ந்தார். மறு ஆண்டு யுத்தம் முடிந்து, நற்சான்றுடன் வெளியே வந்து வேலை தேடினார்.

ஆபீஸ் பையன்

பாஸ்டனில் கிராஸ்பி, ஹால்ஸ்டெட் அண்ட் கூல்ட் என்ற வக்கீல் கம்பெனி ஒன்று இருந்தது. புதிய கண்டுபிடிப்புகளுக்கு பேட்டண்ட் வாங்கித் தருவது அவர்கள் தொழில். அங்கே லூயிஸுக்கு ஆபீஸ் பையன் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் மூன்று டாலர்.

பேட்டண்ட் மனுவுக்கு உயிர்நாடி அதனுடன் வைக்கும் படம். இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமை கைநழுவிவிடும். கம்பெனியில் படம் வரைந்து கொண்டிருந்தவர் எந்தக் கருவியை எப்படிப் பிடிக்கிறார், எந்தக் கோட்டை முதலில் போடுகிறார் என்று லூயிஸ் கவனித்தார். பழைய புத்தகக் கடையில் வரைகலைப் புத்தகம் வாங்கினார். காசு சேர்த்துப் பழைய கருவிகளை வாங்கினார். இரவில் வீட்டில் உட்கார்ந்து பழகினார். ஒருநாள் துணிந்து, தானும் வரைந்து காட்டட்டுமா என்று கேட்டார். கேட்டவர் சிரித்தாலும் இடம் கொடுத்தார். படம் நன்றாக வந்தது. படிப்படியாக உயர்ந்து அந்தக் கம்பெனியின் தலைமை டிராப்ட்ஸ்மேன் ஆனார். வாரச் சம்பளமும் இருபது டாலராயிற்று.

பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்தார். இடையில் 1873-ல் மேரி வில்சன் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு, ரயில் பெட்டிக் கழிவறையைச் சீர்திருத்தும் ஒரு யோசனைக்கு இன்னொருவருடன் சேர்ந்து தம் முதல் பேட்டண்டைப் பெற்றார். 1876-ல் செவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வந்த ஓர் ஆசிரியர், பகல் வகுப்புகள் முடிந்து இரவில் லாட்டிமரைத் தேடி வருவார். இருவரும் உட்கார்ந்து படங்களைத் தயாரிப்பார்கள். அந்த ஆசிரியர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். படங்கள் டெலிபோனுக்கு உரியவை. அதே நோக்கத்துடன் இன்னொருவரும் பேட்டண்ட் ஆபீஸின் கதவைத் தட்டிக் கொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டு மார்ச் மாதம் பெல்லுக்கே உரிமை கிடைத்தது.

அப்பளமும் கரி இழையும்

1879 முடிவில் எடிசன் தமது மென்லோ பார்க் பரிசோதனைச் சாலையில் பல்புகளை எரியவிட்டு உலகத்தைப் பிரமிக்க வைத்தார். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் அதே முயற்சியில் வெற்றி கண்டிருந்தார். தத்துவம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காற்றை அகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கரி இழையை வைத்து அதில் மின்சாரத்தைச் செலுத்தினால், இழை பழுத்து ஒளி வீசும். காற்று இல்லாததால் உடனே எரிந்து சாம்பலாவதில்லை.

தொல்லையெல்லாம் அந்த இழையைச் செய்வதில்தான் இருந்தது. நம் ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை அடுக்கி மண்ணால் மூடி, காற்றுப் புகாமல் வேக வைப்பார்கள். பல்பின் இழையும் அவ்விதமே செய்யப்பட்டது. காகிதம், மரம், நார் போன்றவற்றை மெல்லிதாக வெட்டி, மூடிய பெட்டிக்குள் வைத்து, உலையில் சுட்டுக் கரியாக்கினார்கள். சுடும்போது ஈரமும் வாயுக்களும் வெளியேறி இழை சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுருங்காது. டில்லி வெயிலில் மொட்டை மாடியில் காயப் போட்ட அப்பளம் விளிம்பில் முதலில் காய்ந்து வளைந்து கொள்வதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். அப்பளம் வளைந்தால் பொரித்துச் சாப்பிட்டுவிடலாம். இழை வளைந்தால் உடையும். உடையாவிட்டாலும் மெலிந்த இடத்தில் சூடு மிகுந்து சீக்கிரம் அறுந்துபோகும்.

அப்போது எடிசனுக்குப் போட்டியாக யுனைடெட் ஸ்டேட்ஸ் எலெக்ட்ரிக் லைட்டிங் கம்பெனியில் பல்பு செய்து கொண்டிருந்தவர் ஹைரம் மாக்சிம். பின்னாளில் இயந்திரத் துப்பாக்கியால் பேர் பெற்றவர் இவர்தான். கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஓர் இயந்திரப் பட்டறையில் படம் வரைந்து கொண்டிருந்த லாட்டிமரை 1880-ல் அவர் கண்டு தம் கம்பெனிக்கு அழைத்துக் கொண்டார். படம் வரைய வந்தவர் விரைவிலேயே பல்பு செய்யும் தொழிலையும் கற்றுக்கொண்டார்.

1881 செப்டம்பரில், ஜோசப் நிக்கல்ஸ் என்பவருடன் சேர்ந்து, கரி இழையின் நுனிகளை உலோகக் கம்பிகளுடன் உறுதியாக இணைக்கும் முறைக்கு லாட்டிமர் பேட்டண்ட் பெற்றார். 1882 ஜனவரி 17-ந் தேதி கிடைத்த பேட்டண்ட் அவருடைய பெயரில் மட்டுமே உள்ளது. கரி இழை செய்யும் முறையைப் பற்றியது அது.

அவர் கண்ட வழி கேட்பதற்கு மிக எளியது. வெட்டிய துண்டுகளை வெறுமனே பெட்டியில் போடாமல், அட்டையால் ஆன உறைக்குள் வைத்துச் சுட வேண்டும். சூட்டில் உறையும் உள்ளிருக்கும் துண்டைப் போலவே சுருங்கும். இரண்டும் சேர்ந்தாற்போல் சுருங்குவதால் துண்டு வளையவோ முறுக்கவோ இடமில்லை. வைத்த வடிவத்திலேயே கரியாகி வெளியே வரும். ஒன்றிரண்டைப் பொறுமையாகச் செய்யும் விஞ்ஞானிக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய தொழிற்சாலைக்கு இதுதான் உயிர். உடைந்து வீணாவது குறைந்தால்தான் விலை இறங்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பல்பைக் கண்டுபிடித்தவரே லாட்டிமர்தான் என்றும், அவர் இல்லாவிட்டால் எடிசன் பல்பு எரிந்தே இருக்காது என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. எடிசன் மூங்கில் நாரைக் கரியாக்கி, ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியும் இழையைத் தம் வழியில் செய்திருந்தார். லாட்டிமர் சீர்படுத்தியது எதிர்முகாமின் பல்பை. அவர் பெருமைக்கு அந்த உண்மையே போதும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பேட்டண்ட் என்பது சட்டம் அளிக்கும் சொத்துரிமை. எந்தச் சட்டம் தகப்பனாரை இன்னொருவர் சொத்தாக எண்ணியதோ, அதே நாட்டின் சட்டம் நாற்பது ஆண்டுகளில் மகனுடைய மூளையில் உதித்ததை அவர் பெயரில் பதிவு செய்தது. ஆனால் அந்த உரிமை கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. லாபமும் கம்பெனிக்கே.

பிரெஞ்சு கற்ற இரவுகள்

நியூயார்க், பிலடெல்பியா நகரங்களில் பெரிய கட்டடங்களுக்கு மின்விளக்குப் போடும் வேலையை லாட்டிமர் மேற்பார்வையிட்டார். பின்னர் கனடாவின் மான்ட்ரீல் நகருக்குப் போனார். அங்கே தொழிலாளர்கள் பேசியது பிரெஞ்சு மொழி. பகலில் கம்பி இழுக்கும் வேலை. இரவில் மறுநாள் உத்தரவுகளைப் பிரெஞ்சில் எழுதி வைத்துக் கொள்வது. டில்லிக்கு வந்த புதிதில் காய்கறிக்காரனிடம் பேச ஹிந்தி வார்த்தைகளைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

1882-ல் லண்டனில் பல்புத் தொழிற்சாலை ஒன்றை ஏற்படுத்தக் கம்பெனி அவரை அனுப்பியது. மனைவியும் உடன் சென்றார். அந்தத் தொழிற்சாலையை நிறுவி, வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஆட்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1883-ல் ஊர் திரும்பியபோது கம்பெனியில் அவருக்கு வேலை இல்லை என்றாயிற்று.

அவர் லண்டன் சென்ற அதே ஆண்டில், செப்டம்பர் 4-ந் தேதி, எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தமது மின்சார நிலையத்தைத் திறந்து வைத்தார். அன்று லாட்டிமருக்கு முப்பத்து நான்காவது பிறந்த நாள். இரண்டு ஆண்டுகளில் அவரும் எடிசன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்.

எடிசன் பக்கம்

எடிசன் கம்பெனிக்கு அப்போது பெரும் தலைவலி வழக்குகள்தான். பல்பின் உரிமை யாருக்கு என்று ஒவ்வொரு கம்பெனியும் கோர்ட் ஏறியது. லாட்டிமருக்கோ படம் தெரியும், பேட்டண்ட் சட்டம் தெரியும், எதிர்க் கம்பெனியில் எது எப்படிச் செய்யப்பட்டது என்பதும் தெரியும். ஆகவே அவரைச் சட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய சாதனங்களைத் தேடிப் பிடிப்பது, கோர்ட்டுக்குப் படம் தயாரிப்பது, சாட்சி சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. லாட்டிமர் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் மீது தொடுத்த பெரிய வழக்கில் 1891-ல் எடிசன் பக்கம் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு அப்பீலிலும் உறுதியானது.

1890-ல் மின்விளக்கு அமைப்பை விளக்கும் நூல் ஒன்றை மற்றிருவர் துணையுடன் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1886-ல், ஈரத்தின் உதவியால் அறையைக் குளிர வைக்கும் ஒரு சாதனத்துக்கும் பேட்டண்ட் பெற்றிருந்தார். மே மாதத்தில் கூலருக்குத் தண்ணீர் ஊற்றும் டில்லிவாசிகள் அதை மெச்சுவார்கள்.

1896 முதல் 1911 வரை ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய இரு பெரும் ஸ்தாபனங்களும் பொதுவாக வைத்திருந்த பேட்டண்ட் வாரியத்தில் தலைமை டிராப்ட்ஸ்மேனாகப் பணியாற்றினார். இவ்வளவுக்கும் இடையே கவிதை எழுதினார், புல்லாங்குழல் வாசித்தார், ஓவியம் தீட்டினார். 1906-ல், பிழைப்புத் தேடி நியூயார்க் வந்திறங்கிய வெளிநாட்டு ஏழைகளுக்கு வரைகலையும் ஆங்கிலமும் கற்றுக் கொடுத்தார்.

1918-ல் எடிசனின் பழைய சகாக்கள் எடிசன் முன்னோடிகள் என்ற சங்கத்தைத் தொடங்கியபோது அதில் இடம் பெற்ற ஒரே கறுப்பு மனிதர் லாட்டிமர்தான். கண்பார்வை மங்கும் வரை உழைத்த அவர், 1928 டிசம்பர் 11-ந் தேதி நியூயார்க்கின் பிளஷிங் பகுதியில் காலமானார். இடிபடவிருந்த அவருடைய வீட்டை 1988-ல் அப்படியே பெயர்த்து வேறிடத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அது காட்சிச்சாலை.

அணைந்த பிறகும்

கரி இழை லாட்டிமர் வாழ்நாளிலேயே பழசாகிவிட்டது. டங்ஸ்டன் கம்பி அதன் இடத்தைப் பிடித்தது. டங்ஸ்டன் பல்பிலும் செலவாகும் மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட ஒளியாவதில்லை. மீதியெல்லாம் வீண் சூடு. 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தபின் எல்.இ.டி. விளக்கு மலிந்து, குண்டு பல்பு நம் வீடுகளிலிருந்தும் விடைபெற்றது.

அந்த எல்.இ.டி. விளக்கையும் எங்கோ ஒரு மேஜையில் யாரோ ஒருவர் வரைந்து, உடைவதைக் குறைத்து, விலையை இறக்கியிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆர்.கே.புரம் தமிழ்ப் பள்ளியில் ஸ்கேலும் காம்பஸுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்று டாலர் ஆபீஸ் பையனின் கதையைச் சொல்லி வைப்போம். படம் வரைந்தவரின் பெயர் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கமாவது அந்தப் பிள்ளைக்கு வரட்டும்.