ஒரு கையால் கப்பல்களைக் காத்தவர்

இயந்திரத்தில் ஒருவர் கை மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறோம்? கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். புதுச்சேரியிலிருந்து மட்டுமல்ல, கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தும் ஓடி வருகிறார்கள்.

ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன்னால், இதே கடற்கரை வட்டாரத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரின் கை இயந்திரத்தில் சிக்கியது. அப்போது கோரிமேட்டில் ஆஸ்பத்திரி கிடையாது. நோயாளியை மயக்கி, வலி தெரியாமல் அறுக்கும் முறை 1846ல்தான் உலகறிய வந்தது. அவருடைய இடது கை போயிற்று.

மிச்சமிருந்த ஒரு கையால் அவர் செய்த வேலை பெரியது. மரத்தில் சின்னஞ்சிறு கப்பல் செய்து மகிழ்கிறவர்கள் இன்றும் அவரை மறக்கவில்லை. அவர்தான் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி எத்மோன் பாரிஸ்.

மும்முறை உலகம் சுற்றியவர்

ஊரின் பெயரே அவருக்கும் பெயர். 1806ல் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1826ல், இருபது வயதில், முதல் உலகப் பயணம் புறப்பட்டார். பாய்மரக் கப்பலில் உலகத்தைச் சுற்றுவது லேசான காரியமா? அதை அவர் மூன்று முறை செய்தார்.

கப்பல் ஒரு துறையில் நின்றால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். எத்மோன் கரையில் கிடக்கும் படகுகளைத் தேடிப் போவார். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பலகையை எப்படி இணைத்திருக்கிறார்கள், பாயை எங்கே கட்டுகிறார்கள் என்று பார்ப்பார். அளந்து எழுதிக்கொள்வார். படம் வரைவார்.

நம் கரையில் கண்டது

இரண்டாவது பயணத்தில், 1830ல், புதுச்சேரிக்கு வந்தார். அந்நாளில் இங்கே துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்ப்பது சலங்குப் படகு.

சலங்கில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு சற்றே வளைந்து கொடுக்கும், உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் சிக்கினால் நொறுங்கிவிடும். கட்டுமரமும் அப்படித்தான். மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. அலை மேலே ஏறினாலும் மூழ்காது. படிக்காத மீனவனின் கைக்குள் இருந்த இந்த அறிவைக் கண்டு எத்மோன் ஏளனம் செய்யவில்லை. தாளில் எழுதி வைத்தார்.

கை போயிற்று

1837ல் மூன்றாவது பயணம் தொடங்கியது. நீராவி எந்திரங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றின் மீது எத்மோனுக்குத் தீராத ஆவல். கப்பல் இந்தியக் கரைக்கு வந்தபோது, புதுச்சேரிக்குத் தெற்கே ஓர் இரும்பாலையைப் பார்க்கப் போனார். சுழலும் பல்சக்கரத்தில் அவருடைய இடது கை சிக்கியது.

கப்பல்காரனுக்குக் கையே மூலதனம். கயிறு பிடிக்க இரண்டு கை வேண்டும். படம் வரையவும் தாளைப் பிடிக்க ஒரு கை, கோடு போட ஒரு கை வேண்டும். வேறு யாராக இருந்தாலும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எத்மோன் உட்காரவில்லை. எந்த எந்திரம் கையைப் பறித்ததோ, அதே நீராவி எந்திரத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். நீராவிக் கப்பல்களை நடத்தினார். 1840களின் தொடக்கத்தில், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் படகுகளைப் பற்றிய பெரிய படநூலை வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அந்த நூலில் நம் சோழமண்டலக் கரையின் படகுகளும் இடம் பெற்றன. 1864ல் துணைத் தளபதி பதவிக்கு உயர்ந்தார்.

மரத்தில் பிறந்த கப்பல்கள்

1871ல் லூவர் அரண்மனையிலிருந்த கடற்படைக் காட்சிசாலையின் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு 65 வயது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் புதிய வேலையைத் தொடங்கினார். தாம் அளந்த படகுகளை மரத்தில் சிறியதாகச் செய்ய ஏற்பாடு செய்தார்.

மாதிரிக் கப்பல் வெறும் பொம்மை அல்ல. அதற்குக் கணக்கு உண்டு. ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைத்தால், 36 அடிப் படகு 36 அங்குலம் ஆகும். பாயும் துடுப்பும் கயிறும் அதே அளவில் குறைய வேண்டும். ஓர் அளவு பிசகினாலும் அது பொய்ப் படகு. எத்மோன் இளமையில் எழுதி வைத்த அளவுகள் அங்கேதான் கை கொடுத்தன.

1882 முதல் கப்பல் வரைபடங்களை நூல் வரிசையாக வெளியிட்டார். 1893ல், 87வது வயதில் காலமானார். மாதிரிக் கப்பல் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்றும் அவருடைய வரைபடங்களை விரித்து வைத்து மரம் செதுக்குகிறார்கள். காட்சிசாலை 1943ல் பாரிஸ் நகரத்திலேயே உள்ள ஷாயோ மாளிகைக்கு மாறியது.

சலங்கு நம் கரையிலிருந்து மறைந்துவிட்டது. கட்டுமரத்தின் இடத்தையும் பெரும்பாலும் ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. நம் முன்னோரின் படகு எப்படி இருந்தது என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால், காட்டுவதற்கு ஒரு படம் இருக்கிறது. நம் கரையில் கையை இழந்த ஒருவர் கொடுத்துப் போன சொத்து அது. கோரிமேட்டுச் சிறுவன் ஒருவன் லேசான மரத்துண்டை எடுத்து, அளவு பார்த்து ஒரு சலங்கு செய்தால், அவருக்கு அதைவிட நல்ல நன்றி வேறு இல்லை.