பழவேற்காடு 'பாடு' முறை... சிங்காரவேலர் வாழ்க்கை: பேரம் பேச முதலில் என்ன வேணும்?

பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது? சில குப்பங்களில் ஊர் கூடி, சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரிச்சுக்கிறாங்க. இதுக்குப் பேர்தான் 'பாடு'. நல்ல இடம் நமக்கும் ஒருநாள் வரும்ங்கிற நம்பிக்கையில் ஓடும் ஏற்பாடு இது. பாடு உரிமை இல்லாதவர்களோடு தகராறும் நடந்திருக்கு.

அந்த நம்பிக்கை உடைஞ்சா என்ன ஆகும்? சென்னை மில் தொழிலாளர்கள் மத்தியில் அதை நேரில் பார்த்தவர், இன்னொரு மீனவ குப்பத்தில் பிறந்த ம.சிங்காரவேலர்.

யார் இவர்?

1860 பிப்ரவரி 18-ல் சென்னை அயோத்தியா குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்தார். படித்து வக்கீல் ஆனார். ஒத்துழையாமை இயக்கத்துக்காக 1921-ல் கோர்ட்டை விட்டார்.

1921-ல் என்ன நடந்தது?

பக்கிங்காம் - கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். ஆனால் தொழிலாளர்கள் சாதி வழியில் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் நீண்ட போராட்டம் தோற்றுப்போனது.

அதற்குப் பிறகு?

அவர் ஒதுங்கிவிடவில்லை. 1923 மே 1-ல் சென்னையில் இரண்டு இடங்களில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவின் முதல் மே தினம் அதுதான். தொழிலாளர்களையும் விவசாயிகளையும் சேர்த்து லேபர் கிசான் கட்சியை அன்றே தொடங்கினார். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக ஜெயிலுக்குப் போய், 1930-ல் வெளியே வந்தார். 1946 பிப்ரவரி 11-ல் மறைந்தார். சென்னை கலெக்டர் அலுவலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் இருக்கு.

ஏரியோ மில்லோ, கணக்கு ஒண்ணுதான். எதிரில் இருப்பவரிடம் பேரம் பேசுவதற்கு முன்னாடி, பக்கத்தில் நிற்பவர் நம்மை நம்பணும்.