மணியாச்சியும் வாஞ்சிநாதனும்

மதுரைக்குத் தெற்கே ரெயிலில் பிரயாணம் செய்வோர் மணியாச்சி ஸ்டேஷனை அறிவர். 1876-ம் ஆண்டில் தூத்துக்குடிக்குப் பாதை இட்டபொழுது, திருநெல்வேலிக் கிளை பிரியுமிடத்தில் ஏற்பட்ட சந்திப்பு அது. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரையில், இலங்கைக் கப்பல் பிரயாணிகளை ஏற்றி வரும் மெயில் வண்டி தூத்துக்குடியிலிருந்தே புறப்பட்டது. திருநெல்வேலியினின்று வடக்கே செல்வோர் அதற்காக மணியாச்சியில் காத்திருப்பர். அக்காத்திருப்பே அச்சிறு ஸ்டேஷனைச் சரித்திரத்தில் சேர்த்தது.

வாஞ்சிநாதன் 1886-ல் செங்கோட்டையில் பிறந்தவர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தந்தையார் ரகுபதி ஐயர், மனைவி பொன்னம்மாள். புனலூரில் காட்டிலாகா உத்தியோகம். அமைதியாகக் காலங்கழிக்க வேண்டிய சகல சௌகரியங்களும் அவருக்கு இருந்தன.

ஆனால் 1908-ம் வருஷம் திருநெல்வேலிச் சீமையைக் கலக்கிவிட்டது. சுதேசிக் கப்பல் ஓட்டிய சிதம்பரம் பிள்ளை கைதியானார், ஜனங்கள் கொதித்தெழுந்தனர், துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். பிள்ளையவர்களுக்குத் தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. இவ்வடக்குமுறைக்கு, அக்காலத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாயிருந்த ஆஷ் துரையே முக்கிய காரணம் என்று வாலிபர் பலர் கருதினர். நீலகண்ட பிரம்மசாரியின் இரகசிய சங்கத்தில் வாஞ்சி சேர்ந்தார். புதுச்சேரியில், நமது திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ. வே. சு. ஐயரிடம் சுடப் பயின்றார் என்பர்.

1911 ஜூன் 17-ம் தேதி காலை. கலெக்டர் ஆஷ் மனைவியுடன் கோடைக்கானலுக்குச் செல்லும் வழியில், மணியாச்சியில் முதல் வகுப்பு வண்டியில் அமர்ந்திருந்தார். வாஞ்சி உள்ளே புகுந்து அவரைச் சுட்டார். பின்னர் பிளாட்பாரத்தில் ஓடி, அங்கிருந்த கழிப்பறையில் புகுந்து, தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். வயது இருபத்தைந்து. தொடர்ந்து நடந்த சதி வழக்கில் நீலகண்டருக்கு ஏழு வருஷம் கடுங்காவல் கிடைத்தது.

அவர் சட்டைப் பையிலிருந்த கடிதம் தேச சுதந்திரத்தோடு சனாதன தர்மத்தையும் சேர்த்தே பேசுகிறது. இதனை மறைப்பது நேர்மையாகாது. சுதந்திரமும் சமத்துவமும் பிரியலாகாதென்பதை அவர் உணரவில்லை. மனைவியின் கண்ணெதிரே ஒருவரைக் கொல்லும் மார்க்கத்தையும் நாம் போற்றுவதற்கில்லை. எனினும், கூலிக்காகவோ சொந்தப் பகைக்காகவோ அவர் உயிர் விடவில்லை. தம் செய்கையின் விலையைத் தாமே அக்கணத்தில் செலுத்தினார்.

பிற்காலத்தில் அந்த ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயரிட்டனர். பெயர்ப்பலகை வைத்ததோடு கடமை தீர்ந்துவிடாது. அவ்வழியே செல்லும் வாலிபர் அவருடைய துணிவையும் பிழையையும் ஒருங்கே அறிதல் வேண்டும். தியாகத்தை நினைப்பது எளிது. அதனை நிறுத்துப் பார்ப்பதே சுதந்திர ஜனங்களுக்கு அழகு.