மூதாதையின் பெயரை மீட்ட குரு

காரைநகர்த் துறையில் நின்று பார்த்தால் கடற்கோட்டைக்கு அப்பால் ஊர்காவற்றுறை தெரியும். அதனை அடுத்த கரம்பொன் கிராமத்தில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பின்னாளில் தனிநாயகம் அடிகளார் எனத் தமிழுலகம் போற்றிய பெருமகனார் அவரே. ஆனால் பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் அதுவன்று.

தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்த நாகநாதன் ஸ்தனிஸ்லாஸ். தாயார் கரம்பொன் செசிலியா இராசம்மா பஸ்தியாம்பிள்ளை. பிள்ளைக்குச் சேவியர் எனப் பெயரிட்டனர். இப்பெயர்களைச் சற்று உற்று நோக்குவோம். ஸ்தனிஸ்லாஸ் போலந்து நாட்டுப் புனிதரின் பெயர். செபஸ்தியார் போர்த்துக்கேயர் வாயில் பஸ்தியான் ஆகி, நம்மவர் வாயில் பிள்ளைப் பட்டமும் பெற்றுவிட்டார். நாகநாதனும் இராசம்மாவும் புனிதர்களுக்கு அருகிலேயே நிற்கின்றனர். ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் பெயர்களிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

நம்மவரிடையே மேல்நாட்டாரைப் போல் நிலையான குடும்பப் பெயர் வழங்குவதில்லை. தந்தையின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது நீங்கி வேறொன்று வந்துவிடும். ஆதலால் பூட்டனாரின் பெயரைக் கேட்டால் பலரும் விழிக்கின்றோம். இதற்கு முன்னோர் ஒரு வழியும் கண்டிருந்தனர். பேரனாரின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இட்டனர். பெயரன் என்ற சொல்லே பேரன் என்றாயிற்று.

சேவியர் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். கொழும்பிலும் உரோமாபுரியிலும் குருத்துவக் கல்வி பெற்று 1938இல் குருவானார். 1940இல் தென்தமிழகத்து வடக்கன்குளத்திற் பாடசாலைப் பணியை ஏற்றார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அவர், தம் தாய்மொழியின் பழைய இலக்கியங்களைக் கற்கவில்லையே என வருந்தி, பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் பயின்று பட்டங்கள் பெற்றார்.

குருவான பின் அவர் மேற்கொண்ட பெயரே தனிநாயகம். அது புனைபெயர் அன்று. தந்தைவழி முன்னோரின் பெயர். செய்யூரிலிருந்து வந்த தனிநாயக முதலி நெடுந்தீவிற் குடியமர்ந்தார் என, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. எனினும் சேவியர் என்னும் பெயரையும், தந்தையைக் குறிக்கும் எழுத்தையும் அடிகளார் கைவிடவில்லை. சேவியர் எஸ். தனிநாயகம் என்றே எழுதினார். விசுவாசம், தந்தை, குலம் மூன்றும் அதில் இணைந்தன.

தம் முன்னோரைப் போற்றியவர் தம் மொழியின் முன்னோரையும் தேடினார். லிஸ்பனில் 1554இல் ரோம எழுத்தில் அச்சான தமிழ்ச் செபநூலை அறிஞர் கவனத்திற்குக் கொணர்ந்தார். 1679இல் அச்சான புரோவென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். இலங்கையிலும் மலாயாவிலும் பல்கலைக்கழகங்களிற் கற்பித்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். அதன் மாநாடுகள் 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன. 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

போரும் இடப்பெயர்வும் தீவக மக்களைத் திசையெங்கும் சிதறடித்துவிட்டன. வெளிநாட்டு அலுவலகங்களில் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்படுகின்றது. இதனால் ஒரே பேரனாரின் பேரப்பிள்ளைகள் வெவ்வேறு குடும்பத்தவர்போல் தோன்றுகின்றனர். ஞானஸ்நான இடாப்புகள் சில தலைமுறைகளைக் காட்டக்கூடும். ஆனால் வீட்டிலுள்ள முதியோரின் நினைவு எந்த இடாப்பிலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, வேதாகமத்தின் முதல் ஏட்டில் முன்னோரின் பெயர்களையும் ஊர்களையும் எழுதிவைப்போமாக. பிறக்கவிருக்கும் குழந்தைக்கு, புனிதரின் பெயரோடு அவற்றுள் ஒன்றையும் சூட்டுவோமாக.